சுத்திக்கிட்டே இருக்கு

"சார், உங்க பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு."

இணையப் பக்கம் திறக்கத் தாமதமானால் தமிழில் புகார் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வருகிறது. திரை நடுவே சுற்றும் சின்ன வட்டத்தைப் பார்த்துப் பிறந்த பேச்சு. புகாரைக் கேட்டவர் உடனே தன் கணினியில் அதே பக்கத்தைத் திறப்பார். ஒன்றரை நொடியில் முழுதாக வந்து நிற்கும். "எனக்கு நல்லாத்தானே வருது, உங்க நெட்டைக் கொஞ்சம் பாருங்க" என்று பதில் போகும். இருவர் சொல்வதும் உண்மை. புகார் சொன்னவர் கையில் பழைய கைபேசி. பேருந்துக்குள் இரண்டு கோடு சிக்னல். பதில் சொன்னவருடைய கணினியிலோ அந்தப் பக்கத்தின் படங்களும் எழுத்துருவும் நேற்றே வந்து சேமிப்பில் கிடக்கின்றன. பாதிப் பக்கம் அவர் மேசையிலேயே இருக்கிறது.

பேச்சு இங்கேயே முடிந்துபோவதுதான் எனக்கு வருத்தம். தாமதத்தைப் பக்கம் முழுவதும் பரவிய ஒரு மந்தமாக நினைத்துக்கொள்கிறோம். பிரித்துப் பார்த்தால் ஏதோ ஒரு கோப்பு இன்னொன்றுக்காகக் காத்து நிற்கும். அதன் பின்னால் மற்றவை வரிசை கட்டி நிற்கும். எது எதற்காக நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்துவிட்டால், சரிசெய்வது பல நேரம் ஒரு மாலைப்பொழுது வேலைதான்.

அதனால் புகார் சொன்னவரிடம் முதலில் கேட்கவேண்டியது: "சுத்தும்போது திரையில என்ன தெரியுது?" வெறும் வெள்ளை என்றால் ஒரு வகைக் கோளாறு. எழுத்து வந்துவிட்டது, படம் மட்டும் வரவில்லை, அல்லது படிக்கப் படிக்க வரிகள் குதிக்கின்றன என்றால் வேறு வகை. எல்லாம் வந்துவிட்டது, ஆனால் தொட்டால் அசையவில்லை என்றால் அது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

இருபது ஆண்டுக்கு முன்புவரை தாமதம் என்றாலே சர்வரைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். தரவுத்தளத்தைத் தட்டிச் சரிசெய்வார்கள், பெரிய இயந்திரம் வாங்குவார்கள். யாஹூவில் வேலை பார்த்த ஸ்டீவ் சவுடர்ஸ், 2007-இல் 'ஹை பெர்ஃபார்மன்ஸ் வெப் சைட்ஸ்' என்ற புத்தகத்தில் அந்த நம்பிக்கையைப் புரட்டிப் போட்டார். பெரிய தளங்களை அளந்து பார்த்து அவர் சொன்னது இது: பயனர் காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 சதவீதம், பக்கத்தின் மூல ஆவணம் வந்து சேர்ந்த பிறகுதான் செலவாகிறது. சர்வர் தன் வேலையை முடித்துவிட்டது. படங்கள், ஸ்கிரிப்ட்டுகள், அலங்கார விதிகள் ஆகியவற்றைக் கூப்பிட்டுக் கொண்டுவந்து அடுக்குவதில்தான் நேரம் போகிறது. அந்தப் புத்தகம் தந்த 14 விதிகளில் சில காலாவதியாகிவிட்டன. அந்த விகிதத்தின் சாரம் இன்னும் பெரும்பாலான பக்கங்களுக்குப் பொருந்துகிறது.

இதைக் கண்ணால் பார்க்கும் வழி எல்லாக் கணினியிலும் இருக்கிறது. ஒரு சிற்றிதழின் தளம், அதில் ஒரு சிறுகதைப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். 3,000 சொல் கதை. மேலே ஓவியர் வரைந்த ஒரு படம். ஓரத்தில் பழைய இதழ்களின் அட்டைகள். கீழே பகிரும் பொத்தான்கள், வந்துபோகிறவர்களை எண்ணும் ஒரு ஸ்கிரிப்ட். சர்வர் அமெரிக்காவில், வர்ஜீனியாவில் இருக்கிறது, வாசகர் சென்னையில். குரோம் உலாவியில் இன்காக்னிட்டோ சாளரம் ஒன்றைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தி, 'நெட்வொர்க்' என்ற தாவலுக்குப் போகவேண்டும். சேமிப்பைப் பயன்படுத்தாதே என்ற கட்டத்தில் ஒரு டிக். வேகத்தை 'ஸ்லோ 4ஜி' என்று குறைத்துவிட்டு, பக்கத்தை மறுபடி ஏற்றவேண்டும்.

வரி வரியாகக் கோடுகள் விழும். ஒவ்வொரு கோடும் ஒரு கோப்பு. கோடு தொடங்கும் இடம் அந்தக் கோப்பைக் கேட்ட நேரம், முடியும் இடம் அது வந்து சேர்ந்த நேரம். மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குப் படிப்படியாக இறங்குவதால் தொழிலில் இதை வாட்டர்ஃபால் என்கிறார்கள். எனக்கு இது படிக்கட்டாகத்தான் தெரிகிறது. பல கோடுகள் ஒரே நேரத்தில் ஒன்றாகத் தொடங்கினால் நல்லது. ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்று படி இறங்கினால் அங்கே ஒரு காத்திருப்பு இருக்கிறது. குற்றவாளியைத் தேடும்போது நீளமான கோட்டை மட்டும் பார்ப்பது புதியவர்கள் செய்யும் தவறு. எந்தக் கோடு முடிவதற்காக மற்ற கோடுகள் தொடங்காமல் நிற்கின்றன என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

முதல் கோடு, கதையின் எச்டிஎம்எல், அதாவது பக்கத்தின் மூல ஆவணம். அதன் மேல் சுட்டியை வைத்தால் கோடு துண்டு துண்டாகப் பிரிந்து காட்டும். பெயரைக் கொண்டு முகவரி தேடுவது, சர்வரோடு கைகுலுக்குவது, பூட்டுப் போட்ட இணைப்புக்காகச் சாவி மாற்றிக்கொள்வது, கோரிக்கை அனுப்பிவிட்டுக் காத்திருப்பது, கடைசியாகப் பதிவிறக்கம். இதில் உண்மையான பதிவிறக்கம் சின்னத் துண்டுதான். மீதி எல்லாம் போய்வரும் பயணம்.

இந்தப் பயணத்துக்கு இயற்பியல் ஓர் எல்லை போட்டிருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் வர்ஜீனியாவுக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 13,800 கிலோமீட்டர். ஒருமுறை போய்த் திரும்ப, கேபிள் நேர்கோட்டில் கிடந்தாலும், 138 மில்லிநொடி ஆகும். கடலடிக் கேபிள்கள் கண்டத்தைச் சுற்றி வளைந்து வருகின்றன, வழியில் பல கருவிகள் குறுக்கிடுகின்றன. நடைமுறையில் அது 200 மில்லிநொடியைத் தாண்டிவிடும். கைகுலுக்கலுக்கு ஒரு பயணம், சாவிக்கு ஒன்று, கோரிக்கைக்கு ஒன்று. கதையின் முதல் எழுத்து கிளம்பி வருவதற்குள் அரை நொடிக்கு மேல் போயிற்று. எவ்வளவு பணம் கொடுத்து 5ஜி வாங்கினாலும் இந்த நேரம் குறையாது. சர்வரை, அல்லது அதன் நகலை, அருகே கொண்டுவந்தால் மட்டுமே குறையும். சிங்கப்பூருக்கு நகர்த்தினாலே கோட்பாட்டு எல்லை 30 மில்லிநொடிக்கு வந்துவிடும். கோப்புகளின் நகல்களை ஊருக்கு ஊர் வைத்து வழங்கும் நிறுவனங்கள் 1990-களின் இறுதியில் முளைத்ததற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

பயணத்தின் எண்ணிக்கை இன்னொரு விதத்திலும் கூடுகிறது. அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது.

1986 அக்டோபரில், கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இணைய இணைப்பு திடீரென்று படுத்துவிட்டது. இரண்டுக்கும் இடையே 400 கெஜ தூரம்தான். நொடிக்கு 32 ஆயிரம் பிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் 40 பிட் போயிற்று. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூடுதல். நெரிசல் வந்தபோது ஒவ்வொரு கணினியும் தான் அனுப்பிய தரவுப் பொட்டலம் தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி அனுப்ப, பாதை அடைத்துக்கொண்டது. இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்ஸன் 1988-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் உள்ள ஒரு யோசனை இன்றும் நம் ஒவ்வொரு சொடுக்கிலும் வேலை செய்கிறது: எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கொட்டாதே, கொஞ்சம் அனுப்பு, வந்துசேர்ந்தது என்று பதில் வந்தால் அடுத்தமுறை இரண்டு மடங்கு அனுப்பு.

அந்த 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் நமக்கு முக்கியம். 2013-இல் வந்த பரிந்துரையின்படி அது 10 பொட்டலம், சுமார் 14.6 கேபி. அடுத்த பயணத்தில் 29 கேபி, அதற்கடுத்து 58. நம் சிறுகதைக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். யூனிகோடு முறையில் அனுப்பும்போது தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு, ஆக 15 பைட். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொல் 5 பைட்டில் முடிந்துவிடும். சொல்லுக்கு எட்டுக் குறியீடு என்று வைத்தால் 3,000 சொல் கதை கிட்டத்தட்ட 75 கேபி. அப்படியே அனுப்பினால் மூன்று பயணம்.

ஆனால் தமிழின் அந்த 3 பைட்டில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதல் பைட் எந்த எழுத்துக்கும் ஒன்றேதான். இரண்டாவது, இரண்டே மதிப்புகளில் ஏதோ ஒன்று. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதற்கென்றே இருக்கும் ஜிஸிப் போன்ற முறைகளுக்கு இது கொழுத்த தீனி. சர்வரில் சுருக்கத்தை இயக்கிவிட்டால் 75 கேபி கதை நாலில் ஒரு பங்குக்குப் பக்கமாக வந்துவிடும், இரண்டு பயணத்தில் முடிந்துவிடும். ஒரே ஓர் அமைப்பு. 200 மில்லிநொடி மிச்சம். நெட்வொர்க் தாவலில் கோப்பின் பெயரைச் சொடுக்கி, பதில் தலைப்புகளில் 'கன்டென்ட்-என்கோடிங்' என்ற வரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். தமிழ்த் தளம் நடத்துகிற ஒவ்வொருவரும் இன்று இரவே இதைப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

எச்டிஎம்எல் வந்தாயிற்று. திரை இன்னும் வெள்ளை. ஏன்? ஆவணத்தின் தலைப்பகுதியில் சிஎஸ்எஸ் கோப்பு ஒன்றின் பெயர் இருக்கிறது. எழுத்தின் நிறம், அளவு, இடம் எல்லாம் அதில்தான் உண்டு. அது வரும்வரை உலாவி எதையும் வரையாது. வரைந்துவிட்டுப் பிறகு மாற்றினால் திரை பளிச் பளிச்சென்று அடிக்கும் என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு. அந்தக் கோப்பின் முதல் வரியிலேயே 'இன்னொரு சிஎஸ்எஸ்ஸை இழுத்துக்கொள்' என்று எழுதியிருந்தால், முதலாவது வந்த பிறகுதான் இரண்டாவது இருப்பதே உலாவிக்குத் தெரியும். இரண்டாவதற்குள் எழுத்துருக் கோப்பின் முகவரி. ஆவணம், முதல் சிஎஸ்எஸ், இரண்டாவது சிஎஸ்எஸ், எழுத்துரு என்று நான்கு படி. வாட்டர்ஃபாலில் இது அப்பட்டமாகத் தெரியும். நான்கும் சின்னக் கோப்புகளாகவே இருக்கலாம். இருந்தாலும் ஒவ்வொரு படிக்கும் ஒரு முழுப் பயணம். எழுத்துரு வேறொரு சர்வரில் இருந்தால் முகவரி தேடல், கைகுலுக்கல், சாவி எல்லாம் முதலிலிருந்து. தீர்வு எளிது: இரண்டு சிஎஸ்எஸ்ஸையும் ஒன்றாக ஒட்டிவிடலாம். எழுத்துருக் கோப்பைத் தன் தளத்திலேயே வைத்து, 'இது தேவைப்படும், இப்போதே கேட்டுவை' என்று ஆவணத்தின் தலைப்பகுதியிலேயே ஒரு வரி எழுதிவிடலாம். நான்கு படி இரண்டாகிவிடும்.

எழுத்துருவைப் பற்றித் தமிழர்களுக்குத் தனியாகச் சொல்ல ஒரு விஷயம் உண்டு. 1990-களின் பிற்பகுதியில் இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அன்று ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பதித்த எழுத்துருக்கள் அவை. வாசகர் அதை இறக்கி நிறுவிக்கொள்ளவேண்டும். இல்லையென்றால், 1997-ஐ ஒட்டி வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4-க்கு ஒரு வடிவமும் நெட்ஸ்கேப்புக்கு இன்னொரு வடிவமுமாகப் பக்கத்தோடு எழுத்துருவையும் தளமே அனுப்பவேண்டும். எழுத்துரு வராவிட்டால் திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும். அன்று எழுத்துரு வரும்வரை காத்திருப்பதற்கு அர்த்தம் இருந்தது. அது வராமல் தமிழே இல்லை.

இன்று நிலைமை முற்றிலும் வேறு. விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துரு வந்தது. இன்றைய ஆண்ட்ராய்டு, ஐஃபோன் எல்லாவற்றிலும் தமிழ் எழுத்துரு உள்ளேயே இருக்கிறது. யூனிகோடில் எழுதிய கதையை எந்தக் கைபேசியும் தன்னிடம் இருக்கும் எழுத்துருவைக்கொண்டே காட்டிவிடும். தளத்தின் அழகு எழுத்துரு ஓர் உடை மட்டும்தான். ஆனால் தளம் தனி எழுத்துரு கேட்டால், குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் வழக்கமாக 3 நொடிவரை எழுத்தை மறைத்துவைக்கின்றன. கதை வந்துவிட்டது, படிக்கக் கண் தயார், உடை வரவில்லை என்று கதையை உள்ளே நிறுத்திவைப்பது போன்றது இது. சிஎஸ்எஸ்ஸில் 'ஃபான்ட்-டிஸ்ப்ளே: ஸ்வாப்' என்று ஒரே வரி சேர்த்தால், இருப்பதைக்கொண்டு உடனே காட்டிவிட்டு, எழுத்துரு வந்ததும் மாற்றிக்கொள்ளும். மாற்றும் நொடியில் வரிகள் கொஞ்சம் குதிக்கலாம். தமிழ் எழுத்துருக்கள் அகலத்தில் ஒன்றுக்கொன்று நிறையவே மாறுபடும் என்பதால் இந்தக் குதிப்பு நமக்குக் கூடுதல். மாற்று எழுத்துருவின் அளவைச் சிஎஸ்எஸ்ஸிலேயே சற்றுக் கூட்டியோ குறைத்தோ வைத்து அதையும் பெருமளவு அடக்கலாம். சாதாரணம், தடிமன், சாய்வு, தடிமன்-சாய்வு என்று நான்கு கோப்புகளை இழுக்காமல் ஒன்றோடு நிற்பது இன்னும் நல்லது. தமிழில் சாய்வெழுத்து யாருக்கு வேண்டும்?

அடுத்தது படம். ஓவியர் தன் ஓவியத்தைக் கைபேசியில் படமெடுத்து அனுப்புகிறார். 4,000க்கு 3,000 புள்ளி. கோப்பு 4 எம்பி. ஆசிரியர் அதை அப்படியே ஏற்றுகிறார். பக்கத்தில் அது கையகலத்தில் அழகாகத்தான் தெரிகிறது. நொடிக்கு 1.6 மெகாபிட் வரும் இணைப்பில் இந்த ஒரு படத்துக்கு மட்டும் 20 நொடி. வந்து சேர்ந்தாலும் வேலை முடியவில்லை. திரையில் காட்ட அதை விரிக்கவேண்டும். புள்ளிக்கு 4 பைட் வீதம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிக்கு 48 எம்பி நினைவகம். விலை குறைந்த கைபேசி இங்கேதான் திணறிப்போகிறது. அந்தக் கைபேசியின் திரை அகலமே 720 அல்லது 1,080 புள்ளிதான். 1,080க்கு 810 என்று சுருக்கி ஏற்றியிருந்தால் பதினாலில் ஒரு பங்குப் புள்ளிகள் போதும். யாருடைய கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. 2010-இல் கூகுள் தந்த வெப்பி போன்ற வடிவங்களுக்கு மாற்றினால் இன்னும் கணிசமாகக் குறையும். என் அனுபவத்தில் படத்தைச் சுருக்குவதுபோல் குறைந்த உழைப்புக்கு நிறைந்த பலன் தரும் காரியம் வேறு இல்லை.

படத்தில் இன்னொரு நுட்பம். திரைக்குக் கீழே இருக்கும் படங்களை வாசகர் அங்கே வரும்வரை இறக்காமல் வைக்கும் 'லேசி லோடிங்' வசதி 2019-இல் குரோமுக்குள்ளேயே வந்தது. நல்ல வசதி. பழைய இதழ்களின் அட்டைகளுக்கு மிகப் பொருத்தம். ஆனால் பலர் எல்லாப் படத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு இதைப் போட்டுவிடுகிறார்கள், தலைப்புப் படத்துக்கும் சேர்த்து. அப்போது உலாவி பக்கத்தின் அமைப்பு முடிவாகி, அந்தப் படம் திரைக்குள் இருக்கிறது என்று தெரிந்த பிறகே அதைக் கேட்கும். முதலில் தெரியவேண்டிய படம் கடைசியில் வருகிறது. வாட்டர்ஃபாலில் தலைப்புப் படத்தின் கோடு வெகுதூரம் வலப்பக்கம் தள்ளித் தொடங்கினால் முதல் சந்தேகம் இதுதான். படத்தின் அகல உயரத்தை எச்டிஎம்எல்லிலேயே எழுதிவைப்பதும் அவசியம். இடம் முன்கூட்டியே ஒதுங்கிவிடும், படம் வந்ததும் கதை வரிகள் கீழே குதிக்காது.

இனி ஸ்கிரிப்ட்டுகள். பகிரும் பொத்தான், வருகைக் கணக்கு, விளம்பரம், எழுதிப் பேசும் பெட்டி என்று யார் யாரோ கொடுத்த துண்டுகள். ஆவணத்தைப் படித்துக்கொண்டே வரும் உலாவி, தலைப்பகுதியில் ஒரு ஸ்கிரிப்ட்டைக் கண்டால் படிப்பதை நிறுத்திவிட்டு அது வந்து ஓடி முடியும்வரை நிற்கும். அந்த ஸ்கிரிப்ட் ஆவணத்தையே மாற்றி எழுதக்கூடும் என்பதால் அந்த எச்சரிக்கை. எங்கோ இருக்கும் வேற்றார் சர்வர் அன்று படுத்துவிட்டால் நம் கதையும் அதோடு படுத்துவிடும். 'டிஃபர்' அல்லது 'அசிங்க்' என்று ஒரு சொல் சேர்த்தால் நிற்காமல் மேலே படிக்கும்.

எந்தத் துண்டு தொல்லை என்று கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த முறை, அணைத்துப் பார்ப்பது. நெட்வொர்க் தாவலில் ஒரு வரியின் மேல் வலது சொடுக்கி, அந்த முகவரியை அல்லது அந்தத் தளத்தையே தடுத்துவிட முடியும். ஒன்றைத் தடுத்துவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றவேண்டும், நேரத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். அதைத் திறந்துவிட்டு அடுத்ததைத் தடுக்கவேண்டும். வீட்டில் எந்த விளக்கு ஃபியூஸைப் போக்குகிறது என்று ஒவ்வொரு சுவிட்ச்சாக அணைத்துப் பார்ப்போமே, அதேதான். ஒவ்வொன்றையும் மூன்று முறையாவது செய்யவேண்டும். இணைப்பின் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஒரே ஒரு அளவை நம்பி முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம்.

தொட்டால் அசையவில்லை என்ற மூன்றாவது புகாருக்கும் காரணம் ஸ்கிரிப்ட்தான். 200 கேபி படமும் 200 கேபி ஸ்கிரிப்ட்டும் வலைக்கு ஒரே சுமை, கைபேசிக்கு ஒரே சுமை கிடையாது. படத்தை விரித்துக் காட்டினால் முடிந்தது. ஸ்கிரிப்ட்டைப் படித்து, இலக்கணம் பிரித்து, மொழிமாற்றி, ஓடவிடவேண்டும். உலாவிக்குள் அதை ஓட்டும் அதே ஒற்றை வேலை இழைதான் விரல் தொட்டதையும் கவனிக்கிறது. 50 மில்லிநொடிக்கு மேல் ஒரே வேலையில் மூழ்கினால் உலாவி அதை 'நீண்ட வேலை' என்று தனியே குறித்துக்கொள்ளும். 'பெர்ஃபார்மன்ஸ்' தாவலில் கணினியின் வேகத்தைக் கைபேசி அளவுக்கு நாலில் ஒன்றாகக் குறைத்து ஓட்டிப் பார்த்தால், எந்த ஸ்கிரிப்ட் எவ்வளவு நேரம் மற்றவற்றை நிறுத்திவைத்தது என்று சிவப்பு முனைகளோடு காட்டும். மேசைக் கணினியில் கண்ணிலேயே படாத ஒன்று இங்கே ஒன்றரை நொடி அடைப்பாக எழுந்து நிற்கும்.

இந்த மூன்று புகாருக்கும் 2020-இல் கூகுள் மூன்று அளவுகோல் வகுத்தது. திரையின் பெரிய உறுப்பு இரண்டரை நொடிக்குள் தெரியவேண்டும். குதிப்பின் மதிப்பு 0.1-க்குள் இருக்கவேண்டும். தொட்டதற்குப் பதில் 200 மில்லிநொடிக்குள் வரவேண்டும்; இந்த மூன்றாவது இப்போதைய வடிவத்தில் 2024 மார்ச்சில்தான் வந்தது. எண்களைவிட அவற்றைக் கணக்கிடும் முறைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வந்தவர்களை வேகத்தின் வரிசையில் நிறுத்தி, நூறில் எழுபத்தைந்தாவது ஆளின் அனுபவத்தை எடுக்கிறார்கள். சராசரியை எடுப்பதில்லை.

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு யூடியூபில் நடந்த ஒன்றைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. 2009 வாக்கில் அங்கே பணியாற்றிய கிறிஸ் ஸக்கரியாஸ், வீடியோ பக்கம் 1.2 எம்பி எடையாகிவிட்டதைக் கண்டு, அதை 100 கேபிக்குள் கொண்டுவர முடியுமா என்று இறங்கினார். தேவையற்றதை எல்லாம் கழற்றி, 98 கேபியில், 14 கோரிக்கையில் ஒரு பக்கம் செய்தார். ஃபெதர், அதாவது இறகு, என்று பெயர். ஒரு பகுதிப் பயனர்களுக்கு அதை விட்டுப் பார்த்தார்கள். எண்கள் வந்தன. பக்கம் திறக்க ஆகும் சராசரி நேரம் குறையவில்லை, கூடியிருந்தது. பன்னிரண்டில் ஒரு பங்காக எடை குறைந்த பக்கம் எப்படி மெதுவாகும்?

ஊர்வாரியாகப் பிரித்தபோது விடை கிடைத்தது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியா போன்ற இடங்களிலிருந்து திடீரென்று ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் இணைப்பில் இறகுப் பக்கமே திறக்க 2 நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. பழைய பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். யாரும் 20 நிமிடம் நிற்கமாட்டார்கள் என்பதால் அதுவரை அவர்கள் கணக்கிலேயே இல்லை. சின்ன எண்ணில் போட்டுப் பாருங்கள். 100 பேருக்கு 2 நொடி ஆகிக்கொண்டிருந்தது, சராசரி 2. பக்கத்தைச் சரிசெய்ததும் அவர்களுக்கு 1 நொடி. புதிதாக 5 பேர் வருகிறார்கள், அவர்களுக்கு 120 நொடி. 105 பேருக்கு மொத்தம் 700 நொடி, சராசரி 6.7. ஒருவருக்கும் கெடுதல் நடக்கவில்லை. எல்லோருக்கும் நன்மை நடந்தது. சராசரி மட்டும் மூன்று மடங்குக்கு மேல் கெட்டது.

நம் சிற்றிதழுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். வருகையை எண்ணும் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் பக்கத்தின் அடியில், மற்ற எல்லாம் வந்த பிறகு ஓடும்படி வைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளைத் திரையை எட்டு நொடி பார்த்துவிட்டுத் திரும்பிப்போனவரின் கைபேசியில் அது ஓடியே இருக்காது. ஆசிரியர் மாதக் கடைசியில் பார்க்கும் வரைபடத்தில் அவர் இல்லை. ஆனால் சர்வரின் பதிவேட்டில் இருக்கிறார். அங்கே ஒவ்வொரு கோப்புக் கோரிக்கையும் நேரத்தோடு ஒரு வரியாக விழுகிறது. ஒரே வாசகர் எச்டிஎம்எல் கேட்டது ஒரு வரி, சிஎஸ்எஸ் ஒரு வரி, எழுத்துரு ஒரு வரி, படம் ஒரு வரி என்று தொடரவேண்டும். தேடுபொறிகளின் வருகையைக் கழித்துவிட்டு, எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் கேட்டுவிட்டுப் படத்தைக் கேட்காமலே நின்றுபோன வரிகளைத் தேடிப் பாருங்கள். "சுத்திக்கிட்டே இருக்கு" என்று சொல்ல நம்மைத் தெரியாதவர்கள், கதையைப் படிக்க வந்தவர்கள், அந்த வரிகளில் இருக்கிறார்கள். படத்தைச் சுருக்கி, சிஎஸ்எஸ்ஸை ஒட்டி, எழுத்துருவுக்கு அந்த 'ஸ்வாப்' வரியைச் சேர்த்த மறுவாரம் அதே பதிவேட்டைத் திறந்து, நின்றுபோன வரிகள் எத்தனை என்று மறுபடி எண்ணவேண்டும்.